நெகட்டிவைத் தொட்ட கை

4 ஜனவரி 2026, ஞாயிறு

பாஸ்போர்ட் கோட்டை இன்று துவைத்தேன். நாலு வாளித் தண்ணீர் மாற்றியும் கறுப்பு நிற்கவில்லை. திண்டுக்கல்லில் இருக்கிற ஆம்பிளைகள் பாதிப் பேர் படத்துக்கு உட்காரும்போது மாட்டிக்கொள்கிற ஒரே கோட்டு அது. காலரின் உள்பக்கம் எத்தனை கழுத்துகளின் எண்ணெய்யோ, பிசுக்கென்று கையில் ஒட்டியது. மத்தியானம் சோற்றில் கை வைத்தால் அந்த வாடைதான். புதுக் கோட்டு வாங்கு என்று தம்பி தயாளனிடம் மூன்று வருடமாகச் சொல்கிறேன். படத்தில் வாடையா விழப்போகிறது என்கிறான். ஸ்டுடியோ நடத்துகிறவன் பேசுகிற பேச்சு.

கோட்டைக் கொடியில் போடும்போதுதான் அவன் மாடிக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். பிப்ரவரி எட்டாம் தேதியோடு எங்கள் வரதப்பன் ஸ்டுடியோவுக்கு எழுபத்தைந்து வருடம் முடிகிறது. பவள விழா எடுக்கப்போகிறான். வாசலில் பந்தல், நாகஸ்வரம், வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரு மலர். அந்த மலரில் ஸ்டுடியோவின் வரலாறு நாலு பக்கம் வரவேண்டுமாம், அதை நான் எழுதவேண்டுமாம். வீட்டில் தினம் டைரி எழுதுகிறவள் நான் ஒருத்திதான், அதனால் எனக்குத்தான் கோவையாக எழுத வரும் என்கிறான். டைரியில் இவனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று படித்தால் கேட்கமாட்டான்.

7 ஜனவரி, புதன்

எழுத உட்கார்ந்தேன். முதல் வரியை தயாளனே கொடுத்துவிட்டான்: ‘கலைத்தாயின் தவப்புதல்வர் அமரர் வரதப்பன் அவர்கள்.’ அதை அடித்துவிட்டு எனக்குத் தெரிந்ததை எழுதினேன்.

1951இல், இருபத்துநாலு வயதில், அப்பா மேற்கு ரத வீதியில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். கூரையில் கண்ணாடி ஓடு பதித்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்தார். முதல் பத்து வருடம் சோறு போட்டது பிணங்கள். உயிரோடு இருக்கும்போது படம் எடுக்க யாருக்கும் தோன்றாது, செத்த பிறகுதான் வீட்டாருக்கு முகம் வேண்டும் என்ற நினைப்பே வரும். அப்பா கேமராவை சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். பிணத்தை நாற்காலியில் சாய்த்து, தாடைக்கட்டை அவிழ்த்து எடுத்துவருவார். பிறகு பிரிண்டில், மூடிய இமையின்மேல் திறந்த கண் வரைவார். நிலைக்கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்துத்தான் வரையக் கற்றுக்கொண்டாராம். அதனால் எல்லாப் பிணங்களுக்கும் எங்கள் அப்பாவின் கண். சின்ன வயதில் அவை காய்கிற அறையில் சாப்பிடமாட்டேன். இப்போதும் சில வீடுகளில் மாலையோடு தொங்குகின்றன, நான் நிமிர்ந்து பார்க்கமாட்டேன்.

பிறகு கலியாணப் படங்கள். பெண்ணின் படத்தை முதலில் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவார்கள். அம்மைத் தழும்பு, மரு, மச்சம், எல்லாவற்றையும் நெகட்டிவிலேயே எடுத்துவிடவேண்டும். அதற்குப் பெயர் டச்சிங். கறுப்பை வெளுப்பாக்குவது சுலபம், பென்சில் போதும். வெளுப்பைக் கறுப்பாக்குவதுதான் உயிர் போகிற வேலை. ஷேவிங் பிளேடைப் பாதியாக ஒடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு நெகட்டிவைச் சுரண்டவேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை விழும். எழுபத்தெட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. அதிலிருந்து டச்சிங் முழுக்க நான்தான். பழனி, ஒட்டன்சத்திரம் ஸ்டுடியோக்காரர்கள்கூட என்னிடம் நெகட்டிவ் கொடுத்தனுப்புவார்கள். எத்தனை பெண்களைச் சுரண்டினேன் என்று கணக்கே இல்லை.

தயாளன் வாசித்துப் பார்த்துவிட்டு, பிணம் வேண்டாம், விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றான். பிணத்தை எடுத்துவிட்டால் முதல் பத்து வருடத்துக்கு என்ன எழுதுவது என்றேன். கலைச்சேவை என்று எழுதச் சொன்னான். தூ.

9 ஜனவரி, வெள்ளி

தண்ணீர்த் தொட்டிமேல் புறா எச்சம். கரண்டியால் வழித்தெடுத்தேன். எழுதவில்லை.

11 ஜனவரி, ஞாயிறு

பன்னிரண்டு அடிக்கு பிளெக்ஸ் வைக்கப்போகிறார்கள். அதன் மாதிரியை தயாளன் போனில் காட்டினான். ஒரு ஓரத்தில் அப்பா, இன்னொரு ஓரத்தில் கைகூப்பிக்கொண்டு தயாளன். நடுவில் நான்.

1984 ஆனி மாதம் எடுத்த படம். இருபத்திரண்டு வயது, ஒரு பக்கமாகத் திரும்பிய முகம், வழவழவென்று கழுத்து. அடியில் ‘கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே அமரர் வரதப்பனின் கைவண்ணம்’ என்று போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கழுத்தில், இடது காதுக்குக் கீழே, அப்போதே எட்டணா அகலத்துக்கு வெண்புள்ளி விழுந்திருந்தது. படத்தில் மட்டும் இல்லை. அந்தப் படம்தான் உடுமலைக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. பெண் பார்க்க வந்தபோது சடையை முன்னால் இழுத்துவிட்டு, பவுடரை அப்பி, நிழலில் உட்காரவைத்தார்கள். ஆவணியில் கலியாணம். மார்கழி பிறப்பதற்குள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டேன். எல்லாம் அப்பா செய்த வேலை. நான் சொல்லவில்லை, அவரே உடுமலையில் பத்துப் பேர் முன்னால் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் செத்தது தொண்ணூற்றாறில். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் நான் முகம் கொடுத்துப் பேசியது கிடையாது. தட்டில் சோறு போட்டு வைப்பேன், அவ்வளவுதான்.

இப்போது இரண்டு கையும் முகத்தில் பாதியும் வெள்ளை. கவுண்டரில் நான் படக்கவரை நீட்டினால் சில பேர் நுனியைப் பிடித்து வாங்குவார்கள். போகும்போது வேட்டியில் விரலைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கும் அதே அருவருப்புத்தான், ஒன்றுக்கொன்று சரியாகிவிட்டது.

12 ஜனவரி, திங்கள்

படத்தை எடுக்கச் சொன்னேன். அது அப்பாவின் ஆயுசுக்கும் பெரிய வேலை, எப்படி எடுக்கமுடியும் என்கிறான். அது என் கழுத்துடா என்றேன். அச்சுக்குப் போய்விட்டதாம்.

15 ஜனவரி, வியாழன், பொங்கல்

தம்பி மனைவி ஹேமலதா சர்க்கரைப் பொங்கலோடு மாடி ஏறி வந்தாள். நெய் மிதந்தது. இவள் நெய் ஊற்றினால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

அவள் மகள் மிருதுளாவுக்குத் தேனியில் ஒரு வரன். பையன் மின்வாரியத்தில் இன்ஜினீயர். ஜாதகம் பொருந்திவிட்டது, படம் பிடித்துவிட்டது. பவள விழா அன்றைக்கே பெண் பார்க்க வருகிறார்கள், ஸ்டுடியோவின் மதிப்பையும் பார்த்த மாதிரி ஆகும் என்பது இவர்கள் கணக்கு. எனக்குச் சந்தோஷம்தான். மிருதுளா நல்ல பிள்ளை, இந்த வீட்டில் என் டம்ளரில் வாங்கிக் காப்பி குடிக்கிறவள் அவள் ஒருத்தி.

ஹேமலதா போகாமல் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு ஒருநாள் மட்டும் நீங்க கீழ எறங்கி வர வேணாம். பாத்தா அவுக எதாச்சும் நெனைப்பாக.”

படம் பன்னிரண்டு அடிக்கு வாசலில் நிற்கலாம். ஆள் மட்டும் வரக்கூடாது. பொங்கலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

16 ஜனவரி, வெள்ளி

அவுக எதை நினைப்பார்கள் என்று நேற்று எனக்கு ஓடவில்லை. இன்று ஓடியது.

மாட்டுப் பொங்கலுக்கு மிருதுளா தலைக்குக் குளித்துவிட்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டு மாடியில் துணி காயப்போட வந்தாள். தோள்பட்டைக்கு மேலே, கழுத்து ஓரத்தில், விரல் நகம் அளவுக்கு வெள்ளை. என்னைப் பார்த்ததும் துண்டை இழுத்து மூடிக்கொண்டாள். நான் பார்க்காத மாதிரி வற்றலைக் கிளறினேன். பிறகு கீழே போய் ஹேமலதாவின் போனை வாங்கி, தேனிக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கழுத்து வழவழவென்று இருக்கிறது.

சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா? நாற்பத்திரண்டு வருடம் ஆகியும் இந்த வீட்டுக்குப் புத்தி வரவில்லை. என்னைக் கொண்டுபோய்த் தள்ளிய அதே குழியில் இந்தப் பெண்ணையும் தள்ளப் பார்க்கிறார்கள். அப்பன் செய்ததை மகன் செய்கிறான், அதற்கு விழா ஒரு கேடு. ஜாதக நகலில் தேனிக்காரர்கள் நம்பர் இருக்கிறது. குறித்துக்கொண்டேன். பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேசுவேன். என்னால் இந்தக் கலியாணம் நின்றாலும் பரவாயில்லை.

19 ஜனவரி, திங்கள்

ஒப்பனை மேசைச் சீப்பைச் சோடாவில் ஊறப்போட்டேன். மிதந்து வந்ததை எழுதமாட்டேன். ஒரு அம்மாள் பெண்ணோடு வந்து, கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க என்றாள். உங்க பொண்ணு கலராத்தானே இருக்கா, கறுப்பும் கலர்தான் என்றேன். எழுந்து எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். தயாளன் என்னோடு ராத்திரி வரை பேசவில்லை.

23 ஜனவரி, வெள்ளி

மிருதுளா காப்பிக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்காரவைத்தேன். உன் அப்பனும் ஆத்தாளும் உன் படத்தில் என்ன செய்து அனுப்பியிருக்கிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். என் கதையைச் சொன்னேன். உன் தாத்தா அன்றைக்கு எனக்குச் செய்த துரோகம், இன்றைக்கு இவர்கள் உனக்குச் செய்கிறார்கள் என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. பேசி முடிக்கிற வரைக்கும் அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவங்க பண்ணலத்தே. நான்தான் பண்ணேன்.”

போனிலேயே செய்தாளாம். விரலால் இரண்டு தேய்ப்பு, அரை நிமிஷம்கூட ஆகவில்லையாம். ஹேமலதா அனுப்பக் கொடுத்தது புள்ளி தெரிகிற படம்தானாம், துப்பட்டா போட்டு எடுத்தும் ஓரமாகத் தெரிந்திருக்கிறது. இவள்தான் மாற்றி வைத்திருக்கிறாள். ஏண்டி என்றேன். பையனின் படம் முதலில் வந்ததாம். பார்த்ததும் பிடித்துவிட்டதாம். அவனுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்ததாம். இப்போது தினம் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். பேசப்பேச அவளால் சொல்லமுடியவில்லை. சொல்லிவிட்டு அழுதாள்.

காப்பி ஆறி ஆடை படிந்துவிட்டது. கொட்டினேன்.

24 ஜனவரி, சனி

தலைவலி. அப்பளம் வாங்கவேண்டும்.

27 ஜனவரி, செவ்வாய்

வரலாறு எண்பத்திமூன்றாம் வருடத்தில் நிற்கிறது. அடுத்த வருடத்தை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

உடுமலைக்காரர் கெட்டவர் இல்லை. இதை இந்த டைரியில் எழுதியதே இல்லை. பேங்கில் குமாஸ்தா. சத்தமாகச் சிரிக்கமாட்டார். என் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். நான் எப்போதும் சடையை இடது பக்கமே போட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றுவிட்டார். முகம் சுளிக்கவில்லை. விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தார். வலிக்குதா என்று கேட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்துக் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்து, மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“புள்ளி கெடக்குது, அது ஒண்ணுமில்ல. இத மறைச்சது யாருன்னு மட்டும் சொல்லு.”

அப்பா என்றேன்.

சரி என்று போய்விட்டார். அன்று சாயங்காலம் அவர் வீட்டாருக்குத் தெரிந்துவிட்டது. மறுவாரம் அப்பாவை வரச்சொல்லிக் கடிதம் போட்டார்கள். ஏமாற்றுக்காரன் வீட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்று மாமனார் முடிவாகச் சொன்னார். என்னைக் கட்டியவர் தன் தகப்பனை எதிர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மழை வரும்போல இருக்கிறது. வற்றலை உள்ளே எடுக்கவேண்டும்.

1 பிப்ரவரி, ஞாயிறு

மிருதுளா மறுபடியும் வந்தாள். தூங்கியே நாளாகிறது போல, கண்ணைச் சுற்றிக் கருவளையம். நான் தேனிக்குப் போன் செய்யப்போகிறேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பர் எழுதிய தாளை அவள் எதிரிலேயே கிழித்தேன். அவள் முகம் தெளியவில்லை.

அந்த மாமா கேட்டபோது நீங்க என்ன சொன்னீங்க என்றாள். உன் தாத்தா செய்தார் என்று சொன்னேன் என்றேன்.

“தாத்தாவா செஞ்சாரு?”

பெரியவர்களிடம் கேட்கிற கேள்வியா இது என்று எரிந்து விழுந்து, கறிவேப்பிலை வாங்கிவரக் கடைக்கு அனுப்பினேன். கறிவேப்பிலை வீட்டில் கட்டுக்கட்டாக இருந்தது.

4 பிப்ரவரி, புதன்

பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். என் கழுத்து மட்டும் இரண்டடி. ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

6 பிப்ரவரி, வெள்ளி

காலை பதினோரு மணி இருக்கும். கவுண்டரில் நான் இருந்தேன். பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு ஆள் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயாளன் போனைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தான். முகம் செத்துக் கிடந்தது.

தேனிக்காரர்கள் ஞாயிறன்று வரமாட்டார்களாம். பையனின் தாய்மாமன் கூப்பிட்டானாம். படத்தில் இருக்கிற பெண் வேறு, வீட்டில் இருக்கிற பெண் வேறு, எங்களுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று, இதற்குமேல் பேச்சு வேண்டாம் என்று வைத்துவிட்டானாம். யார் சொன்னது என்று இவன் கேட்டதற்குப் பதில் இல்லை.

பதில் எதற்கு? இவனுக்கு ஆள் தெரியும். என்னைத்தான் பார்த்தான். பின்னாலேயே வந்த ஹேமலதாவும் என்னைத்தான் பார்த்தாள். தான் வாழாததற்கு என் பிள்ளையையும் வாழவிடமாட்டேன் என்கிறாளே என்று தலையில் அடித்துக்கொண்டாள். கோட்டு மாட்டிய ஆள் எழுந்து போகலாமா வேண்டாமா என்று முழித்தார்.

மிருதுளா மாடிப்படியில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். யார் சொன்னது என்று எனக்கு விளங்கிவிட்டது. இவர்கள் அவளைத் தின்றுவிடுவார்கள். எனக்கு என்ன, நாற்பத்திரண்டு வருடமாகத் தின்றது போக மிச்சம்தானே.

“நான்தாண்டா சொன்னேன்” என்றேன். “நம்பர எடுத்து நான்தான் பேசுனேன்.”

தயாளன் கவுண்டரில் ஓங்கிக் குத்தினான். கண்ணாடி விரிசல் விட்டது. நாளைக்கே வேறு இடம் பார்த்துக்கொண்டு போ என்றான். எனக்குப் பயமாக இல்லை, சொல்லப்போனால் நெஞ்சு லேசாக இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அப்போது மிருதுளா இறங்கி வந்தாள்.

“அத்தை பொய் சொல்லுதுப்பா. நான்தான் அனுப்புனேன். கழுத்து தெரிய எடுத்து, அவருக்கு நானே அனுப்புனேன். மொத படத்துல அழிச்சதும் நான்தான், அம்மாவுக்குத் தெரியாது.”

போனை எடுத்து நீட்டினாள். தயாளன் வாங்கவில்லை. சின்னப்பிள்ளை, பயத்தில் உளறுகிறாள், நான்தான் செய்தேன் என்று நான் மறுபடி சொன்னேன். தயாளன் என் பக்கம் திரும்பினான். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பதினைந்து வயதுப் பையனாக இருந்தபோது பேசிய குரல் வந்தது.

“அப்பாவும் இப்படித்தான்க்கா சொன்னாரு. உடுமலையில. பக்கத்துல நானும்தான நின்னேன். வரும்போது பஸ் போர்டைக்கூட என்னையத்தான் படிக்கச் சொன்னாரு. அவரு எங்கக்கா பிளேடு பிடிச்சாரு?”

பிறகு ஏண்டா இத்தனை வருடமாக அப்பாவின் கைவண்ணம், அப்பாவின் கைவண்ணம் என்று ஊரெல்லாம் சொன்னாய் என்று கேட்டேன்.

“நீ அப்படித்தானக்கா சொன்ன. நீ சொன்னதையே நாங்களும் சொன்னோம்.”

சொல்லிவிட்டு, கோட்டு மாட்டிய ஆளைத் தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, படம் எடுக்கப் போய்விட்டான்.

7 பிப்ரவரி, சனி

நான்தான் செய்தேன். பாதி பிளேடு, இரண்டு பகல். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. ஓட்டை விழாமல் வந்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. பிரிண்டைக் கையில் கொடுத்தபோது அப்பா ஜன்னல் பக்கம் போய்க் கண்ணுக்கு ஒட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்லா விழுந்திருக்காம்மா என்றார். அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? என்மேல் எனக்கு வருகிற அருவருப்பை எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று தெரியவில்லை.

மிருதுளா காலையில் வந்து என் டம்ளரில் காப்பி குடித்தாள். அந்தப் பையனிடமிருந்து ஒன்றும் வரவில்லையாம். வராவிட்டால் போகிறது என்றாள். பிறகு அழுதாள், பிறகு இன்னும் கொஞ்சம் காப்பி கேட்டாள். இருபத்தாறு வயதில் அப்பன் முகத்துக்கு நேரே நின்று, நான்தான் என்று சொல்ல அவளுக்கு வந்தது.

உடுமலையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் அப்பா நின்றது நினைவிருக்கிறது. பொண்ணுக்கு ஒண்ணுந் தெரியாது, எல்லாம் நான்தான் செஞ்சேன், மன்னிச்சுக்கணும் என்று தலைக்குமேல் கை தூக்கிக் கும்பிட்டார். சம்பந்தி உட்கார்ந்திருந்தது இந்தப் பக்கம். அப்பா கும்பிட்டது அந்தப் பக்கம் இருந்த பீரோவை. யாரோ சிரித்தார்கள். நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன். அவரைப் பிடித்துத் திருப்பிவிடவில்லை.